வெள்ளிக்கிழமைக் காவல்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: சங்கத் தலைவரான ஹாஜியார், செயலாளர் மாஸ்டர், பொருளாளரான கடைக்கார நானா, உறுப்பினர்கள் ஆறு பேர், லெப்டொப்பை மடியில் வைத்தபடி நான். வராதவர்கள் மூவர். ஒருவர் காய்ச்சலில் கிடந்தார். இன்னொருவர் என் வாப்பா, கடலுக்குப் போயிருந்தார். மூன்றாமவர் உறுப்பினர் அல்லர் என்பதால் அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர் எங்கள் இறால் குளத்தின் காவற்காரர், உடப்பு அண்ணன்.

கரைத்தீவில் கடல்நீர்க் களப்பை ஒட்டிப் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து வெட்டிய குளம் அது. எல்லாரும் தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள். அதுவரை உப்பளத்திலும் மீன் வாடியிலும் மற்றவர்களுக்குக் கூலி வேலை செய்தவர்கள், முதன்முதலாகத் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். முதல் போகத்தில் கையைக் கடிக்காமல் தப்பினோம். இரண்டாவது போகம் நன்றாக வளர்ந்திருந்தது. இதுவும் கெட்டால் குளத்தை வேறு யாருக்காவது குத்தகைக்கு விடுவது என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது.

எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டியவன் நான் மட்டும்தான். தகவல் முகாமைத்துவத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்திருந்தேன். சங்கத்தை நவீனமாக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஆறு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினேன். குளத்தில் பற்றரியில் ஓடும் ஒரு கருவி இறக்குவோம், அது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரின் ஒட்சிசனை அளக்கும், குறைந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். இது முதலாம் கட்டம். மின்சாரம் நின்றால், தண்ணீரை அடித்து ஒட்சிசன் ஏற்றும் நாலு வீலையும் சுழற்ற ஜெனரேட்டர் தானாக இயங்குவது இரண்டாம் கட்டம், அறுவடைக்குப் பிறகு. கடைசிப் பக்கத்தில் 'செலவுக் குறைப்பு' என்று ஓர் அட்டவணை. அதில் ஒரு வரி: வெள்ளிக்கிழமைக் காவல் இனித் தேவையில்லை.

அந்தக் காவல் இப்படித்தான் நடந்து வந்தது. அண்ணன் கிழமை முழுக்கக் குளத்தடிக் குடிலிலேயே தங்குவார். வெள்ளிக்கிழமை ஊரில் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போய்விடுவோம். நாங்கள் தொழுதுவிட்டுத் திரும்பும்வரை அவர் நின்று பார்ப்பார். அதன் பிறகுதான் பஸ் பிடித்து உடப்புக்குப் போவார். அவருடைய கோயில் திருவிழா நாட்களில் அவருக்காக எங்கள் ஆட்கள் நிற்பார்கள். இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுதப்படாததால் என் திட்டத்துக்குள் அது ஒரு செலவாக மட்டும் வந்து சேர்ந்தது.

"அப்ப கருவி பாத்துக்கொள்ளுமெண்டா, அவர் வியாழன் பின்னேரமே வீட்ட போகட்டும். பிள்ளை குட்டிக்காரன்தானே," என்றார் ஹாஜியார். அவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் எல்லாரும் தலையாட்டினோம்.

கருவியின் இலவசத் திட்டத்தில் மூன்று போன் இலக்கங்களுக்கு மட்டுமே செய்தி போகும்.

"யார்ட நம்பரைப் போடுறது?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? தலைவர், செயலாளர், பொருளாளர்," என்றார் மாஸ்டர்.

"ஹாஜியார்ட போனை நம்பாதீங்கோ," என்று சிரித்தார் நானா. "அது வெத்திலைப் பெட்டிக்குள்ள கிடக்கும்."

"உன்ட போன் மட்டும் என்ன, கடனுக்குக் கேக்கிறவன் கோல் எடுத்தா அடிச்சுக்கொண்டே கிடக்கும்," என்றார் ஹாஜியார்.

சிரிப்போடு முடிந்தது. மூன்று பதவி, மூன்று இலக்கம். இயக்குபவன் என்ற முறையில் என் கைப்பேசிக்கு அது தானாகவே வரும். அடுத்த நாள் தீர்மானத்தை வாப்பாவிடம் கொண்டுபோனேன். கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. "நீ எழுதினதுதானே மகன்," என்றார்.

கருவியைத் திங்கள் சோதித்தேன், செவ்வாய் சோதித்தேன், விடியற்காலையில்கூடச் சோதித்தேன். கருவியின் கோலைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் அரை நிமிடத்தில் நாலு போனும் கத்தின. வெள்ளிக்கிழமை பகலில் சோதிக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அந்த நேரத்தில் நானும் பள்ளிவாசலில்தானே இருப்பேன்.

அறுவடைக்கு ஒன்பது நாள் இருந்தபோது மூன்று நாளாக வானம் மூடிக்கிடந்தது. வியாழன் பின்னேரம் அண்ணன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் நின்றார், போகாமல். கயிற்றில் கட்டிய வெள்ளைப் பீங்கான் தட்டை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். வழக்கமாக ஒரு முழத்தில் மறைந்துவிடும் தட்டு, அன்று இரண்டு முழத்திலும் தெரிந்தது.

"தம்பி, பச்சை கழண்டு போகுது. பாசி சாகுது போல, செத்தா தண்ணிக்கு மூச்சு முட்டும். நாளைக்கு மட்டும் நான் நிக்கட்டோ?"

கைப்பேசித் திரையை அவருக்குக் காட்டினேன். ஒட்சிசன் நான்கு தசம் எட்டு. மூன்றுக்குக் கீழே போனால்தான் ஆபத்து.

"இலக்கம் நல்லா இருக்கு அண்ணே. வீல் நாலும் சுத்துது. நீங்க போங்கோ."

"வீல் சுத்துற வரைக்கும் சரி," என்றார். தட்டின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அந்த மெசேஜ் என்ர போனுக்கும் வருமோ தம்பி? இது பட்டன் போன்தான்."

"மூண்டு பேருக்குத்தான் அண்ணே போடலாம்."

"ஓம், சரி," என்றார். ஜெனரேட்டரைத் துடைத்து, எண்ணெய்க் குழாயை மூடி, குடிலைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு மின்சாரம் நின்றது. பள்ளிக்கு அதற்கென்று ஒரு சிறிய ஜெனரேட்டர் இருந்ததால் ஒலிபெருக்கி ஒரு கணம் கரகரத்துவிட்டுத் தொடர்ந்தது. உள்ளே இருந்த எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஹாஜியார் போனை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்திருந்தார். போன வருடம் குத்பாப் பேச்சின் நடுவில் அவர் போனில் சினிமாப் பாட்டு ஒலித்து மௌலவி நிறுத்திவிட்டுப் பார்த்ததிலிருந்து அவர் அதை உள்ளே கொண்டுவருவதில்லை. மாஸ்டரின் போன் வீட்டில். நானாவும் நானும் நிறுத்தி வைத்திருந்தோம். நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் இருந்தோம்.

தொழுது ஸலாம் கொடுத்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே போனைப் போட்டேன். அது கையில் துடிக்கத் தொடங்கி நிற்கவே இல்லை. கடைசிச் செய்தியில் ஒன்று தசம் இரண்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு நானா மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

குளத்தடியில் சத்தமே இல்லை. நாலு வீலும் நின்றிருந்தன. வரம்போரம் எங்கும் இறால் மேலே வந்து, மீசை தண்ணீருக்கு வெளியே நீள, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. நடுக்குளத்தில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் இருந்தவை ஒவ்வொன்றாகச் சரிந்து கீழே போயின.

நானா ஜெனரேட்டரின் கைப்பிடியைச் சுற்றினார். இருமிவிட்டு நின்றது. நான் சுற்றினேன். அதே இருமல். பின்னாலேயே வந்த ஹாஜியார், "நீ படிச்சவன்தானே, பாரு!" என்று கத்தினார். எனக்கு அந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. திட்டத்தில் அது இரண்டாம் கட்டம்.

நானா அண்ணனுக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்க அதன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"கரண்ட் போய் எவ்வளவு நேரம்?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஒரு மணித்தியாலம் இருக்கும் அண்ணே."

"எண்ணெய்க் குழாய் மூடிக் கிடக்கு. தாங்கிக்குக் கீழ, இடப்பக்கம், சிவப்புப் பிடி. திறங்கோ. உடன சுத்தாதீங்கோ, அம்பது எண்ணுங்கோ."

திறந்தேன். எண்ணினேன். முப்பதுக்கு மேல் எனக்கு எண் வரவில்லை, ஹாஜியார் பக்கத்தில் நின்று சத்தமாகத் தொடர்ந்தார். ஐம்பதில் நானா சுற்றினார். பிடித்துக்கொண்டது. வீல்கள் தண்ணீரை அடிக்கத் தொடங்கின. அடித்த இடமெல்லாம் செத்த இறால் புரண்டு மேலே வந்தது.

"இனிக் குளத்தில வைக்க ஏலாது," என்றது போன். "அடியில கிடக்கிறது அழுகினா மிச்சமும் போயிரும். வலை போடுங்கோ. ஐஸுக்குச் சொல்லுங்கோ. நான் வாறன்."

மாஸ்டர் அப்போதுதான் வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் மனைவி, எங்கள் மாமி, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு தடவை பார்த்திருக்கிறார். "இங்கிலிஸ்ல வந்தபடியா ரீலோட் காசு போடச் சொல்லுற விளம்பரமெண்டு நினைச்சாவாம்," என்றார். செய்தியைத் தமிழில் எழுத அந்தச் செயலியில் இடமிருந்தது. இங்கிலீஷில் இருந்தால் மதிப்பாக இருக்கும் என்று நான்தான் அப்படியே விட்டேன்.

ஊரே இறங்கியது. ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சாரத்தோடு ஆட்கள் மார்பளவு சேற்றில் நின்று வலை இழுத்தார்கள். கடலிலிருந்து திரும்பிய வாப்பாவும் இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. உயிரோடு வந்ததை ஒரு பக்கம், அப்போதுதான் செத்ததை ஒரு பக்கம், வெளுத்துப்போனதை இன்னொரு பக்கம். ஐஸ் லொறி மூன்று மணிக்கு வந்தது. நாலு மணிக்கு ஓட்டோ ஒன்று வரம்பு முனையில் நின்றது. அண்ணன் இறங்கி, சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, தண்ணீருக்குள் போனார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை அவரையும் கூப்பிட்டிருந்தோம். கதிரையில் உட்காராமல் கதவடியில் நின்றார். அவர் வியாழக்கிழமை சொன்னதையும், நான் திரையைக் காட்டி அவரை அனுப்பியதையும் எழுந்து சொன்னேன். அவர் அதைச் சொல்லிவிடுவார் என்று பயந்து முந்திக்கொள்ளவில்லை. அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வாப்பா, "நான் என்ன கைநாட்டு வச்சனெண்டு இண்டைக்குத்தான் விளங்குது," என்றார்.

"கையெழுத்து வச்ச நாங்களும்தான் வாசிக்கல்ல," என்றார் ஹாஜியார். "தம்பி, முதல் ஆளா அண்ணன்ட நம்பரைப் போடு. என்டதை எடு."

"நம்பர் போட்டாலும் வெள்ளிக்கிழமை நான் நிப்பன் ஹாஜியார்," என்றார் அண்ணன். "அந்த மெசினும் இருக்கட்டும். அதுக்கும் ஒரு ஆள் துணை வேணும்தானே."

நானா ஒருவர்தான் சிரித்தார். அடுத்த போகம் யார் செய்வது, நாங்களா குத்தகைக்காரனா என்று கை தூக்கச் சொன்னார்கள். நாங்களே என்று ஆறு கை, குத்தகைக்கு ஐந்து. வாப்பாவின் கை ஆறாவதாக, மெதுவாக எழுந்தது.

நட்டத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். செத்து அழுகிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது எழுநூறு கிலோ. மிச்சத்தை வாங்கியவன் கிலோவுக்கு அறுநூறு ரூபாய் குறைத்தே எடுத்தான். ஐஸ், சுண்ணாம்பு, லொறி. முடித்துவிட்டு வாசித்தபோது அண்ணன் கதவடியிலிருந்து, "உடப்பிலயிருந்து வந்த ஓட்டோக் காசு ஒம்பதாயிரத்து ஐந்நூறு, அதையும் எழுதுங்கோ தம்பி, நான் இன்னும் குடுக்கயில்ல," என்றார். அதையும் எழுதினேன். திட்டத்தில் செலவுக் குறைப்பு அட்டவணை இருந்த அதே கோப்பில், அதற்கு அடுத்த பக்கத்தில், கடைசிக் கட்டத்தில் நின்ற தொகை: பதினாறு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.