ரேடியோ மேலே தயிர்ச்சட்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பிலோமியைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து எங்கள் வீட்டில் தயிர் உறையவில்லை!

தயிர்தானே என்கிறீர்களா? உங்களுக்கு அந்த மாப்பிள்ளையின் அம்மாவைத் தெரியாது. ரெட்டியார்சத்திரத்துக்காரர். கெட்டித் தயிர் இல்லாத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்பது அவர் கட்சி. ஏற்கெனவே ஓரிடத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவராம். பிலோமிக்கோ, மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேதான்...

தை மாசப் பனியில் தயிர் உறைய வைப்பது பெரும்பாடு. என் மனைவி லூர்து அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். எங்கள் பழைய வால்வு ரேடியோ — போட்டால் வால்வெல்லாம் சூடாகி, செத்த நேரம் கழித்துத்தான் வாயைத் திறக்கும். அதன் தலையில் உறை ஊற்றிய சட்டியை வைத்துவிடுவாள். செய்தி, பாட்டு எல்லாம் முடிவதற்குள் தயிர் கெட்டியாகிவிடும்.

அந்த ரேடியோவைத்தான் சனிக்கிழமை நான் கடையில் கொடுத்துவிட்டு, புது டிரான்சிஸ்டர் வாங்கி வந்தேன். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் ரேடியோ பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. நம் கௌரவம் என்ன ஆவது?

சாயங்காலம் லூர்து வழக்கம்போலச் சட்டியை வைத்தாள். தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"ஏங்க, சத்தம் பத்தல போல" என்று வால்யூமை முழுக்கத் திருகினாள். தெருவே எட்டிப் பார்த்தது. பால் மட்டும் அசையவில்லை.

"டிரான்சிஸ்டர் சூடாகாதுடி. அதுதானே அதோட பெருமை!"

"அப்ப அந்தப் பெருமையவே நாளைக்குப் பரிமாறுங்க!"

ஞாயிறு மதியம் பிரியாணி வந்தது. தயிர் வெங்காயம் வரவில்லை. அந்த அம்மா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவோரம் பிலோமி அழுதுவிடுவாள் போலிருந்தது.

லூர்துவுக்குப் பொய் வராது. நடந்ததை — வால்யூம் உள்பட — அப்படியே போட்டு உடைத்தாள். அந்த நிமிஷம் அவளை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா?

மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். "இதுக்கே இப்படியாக்கா? அமெரிக்காவுல ஐ.சி.ன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க. டிரான்சிஸ்டர், அதச் சேர்ந்த சாமான் எல்லாத்தையும் நகத்தளவு சில்லு ஒண்ணுலயே செஞ்சிர்றாங்க. இனிமே எல்லாமே சுருங்கிரும். ரேடியோ சட்டப் பைக்குள்ள போயிரும்!"

"அம்புட்டும் சரி தம்பி. தயிர எங்க வைக்க?" என்றாள் லூர்து.

பையன் தலையைச் சொறிந்தான். அந்த அம்மாவுக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லாக் கேளும்மா! இவனும் இப்படித்தான் ஒரு டிரான்சிஸ்டரக் கொண்டாந்து வச்சுட்டு, பழச வித்துருன்னு உசுர எடுக்குறான். நான் குடுப்பனா? எங்க வீட்டு இட்லி மாவே அதுமேலதான் பொங்குது."

அப்புறம் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நீ வாம்மா பிலோமி. தயிர்ச்சட்டிக்கும் அதுல எடம் இருக்கு."

ஐ.சி. வரட்டும், யார் வேண்டாமென்றது? கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்த அம்மா வீட்டுப் பழைய ரேடியோவை மட்டும் யாரும் தொடாதீர்கள்!