மஞ்சள் தொட்டிகளின் விரதம்

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு கோதுமை வளர்க்கிறேன் என்றால் யாரும் சும்மா விடுவதில்லை. "சப்பாத்திக்கா?" என்று கேட்காத ஆளே கிடையாது. குளிரூட்ட ஏர்கோன் ஓயாமல் ஓடும் ஓர் அறை, அதில் தொட்டி தொட்டியாகக் கோதுமைப் பயிர், எல்லாத் தொட்டி மண்ணிலும் நானே கலந்துவிட்ட வேரழுகல் பூஞ்சை. இதுதான் என் ஆராய்ச்சி.

கேள்வி ஒன்றே ஒன்று. மண்ணில் தழைச்சத்து குறைவாக இருந்தாலும், நான் விதையில் பூசிய பாக்டீரியா வேரைக் காப்பாற்றுமா? முதல் முறை ஏர்கோன் கெட்டுப் பயிர் வெந்துபோனது. அடுத்த முறை எலி. இந்த முறையும் தவறினால் அறையை ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

பாதித் தொட்டிகளுக்குத் தழைச்சத்து தரும் யூரியா கிடையாது. அவை மஞ்சளாக, நோஞ்சானாக நின்றன. அப்படித்தான் நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்ற வரும் அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஏன் தம்பி இதுங்கள மட்டும் பட்டினி போடுறீங்க?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். அது தைப்பூச நேரம். அவரும் விரதம், நானும் விரதம்.

"இதுங்களும் விரதம்க்கா. பாஜா போட்டுராதீங்க" என்றேன். உரத்துக்கு இங்கே அதுதான் பெயர். அவர் சிரித்தார். புரிந்துவிட்டது என்று நம்பினேன்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துவிட்டு, கால் கொப்புளமெல்லாம் ஆறி ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினால், மஞ்சள் தொட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் கரும்பச்சை.

"பூசம் முடிஞ்சிருச்சுலா தம்பி. அதான் விரதத்த முடிச்சி வச்சிட்டேன். கொஞ்சந்தான் பாஜா போட்டேன்" என்றார் அக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யாரைத் திட்டுவது? அவர் முகத்தில் அவ்வளவு பூரிப்பு. விரதம் என்றால் ஒருநாள் முடியத்தானே வேண்டும் என்று அவர் நினைத்ததில் குற்றம் காணவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மஞ்சளாக நின்ற தொட்டி ஒன்றிலிருந்து, பாக்டீரியா பூசிய விதையில் முளைத்த செடியை வேரோடு பிடுங்கிக் குழாயடியில் கழுவினேன். அழுகலின் கறுப்பே இல்லை. இத்தனை காலமும் நான் பார்க்கத் தவித்த வேர், வெள்ளை வெளேரென்று கையில் கிடந்தது. பட்டினியிலும் பாக்டீரியா இதைக் காப்பாற்றியிருக்குமா, இல்லை யூரியாதான் காப்பாற்றியதா? இனி யாராலும் சொல்ல முடியாது.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"வேரு நல்லாத்தானே இருக்கு தம்பி. அப்புறம் ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க?"