மலைவண்டிக்காரர் தொங்கவிட்ட பெல்ட்

சரவணம்பட்டி சிக்னலில் என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்ற பழைய பால்வண்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கண்ணாடியை இறக்கினேன். ரப்பர் தேய்ந்து கருகும் வாசனை. ஃபேன் பெல்ட். உள்பக்கம் வெடித்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே அழுதுகொண்டு ஓடும், பிறகு ஏதோ ஒரு மேட்டில் அறுந்து எஞ்சினைக் கொதிக்க விட்டுவிடும். வண்டிக்காரப் பையன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி என்று வாயெடுப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. இல்லை, அது பொய். பச்சை விழ நேரம் நிறையவே இருந்தது. எனக்குத்தான் வாய் எழவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் இதே சத்தி ரோட்டில், இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு ரொட்டிக் கம்பெனியின் வண்டி ஷெட் இருந்தது. நான் அங்கே மெக்கானிக். விடியும் முன்பே பன்னும் ரஸ்க்கும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் திசைக்கொன்றாகக் கிளம்பும். டீசல் புகையும் சூடான ரொட்டி வாசனையும் கலந்த ஒரு காற்று அங்கே வீசும். பசியும் குமட்டலும் ஒன்றாக வரவைக்கும் காற்று. அதை இன்றுவரை வேறெங்கும் நான் முகரவில்லை.

ஷெட் வாசல் தூணில் ஓர் ஆணி இருந்தது. வழியில் ஒரு வண்டி நின்றுபோனால், அதை நிறுத்திய பொருளைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். மறுநாள் லோடு ஏற்றும்போது எல்லார் முன்னாலும் ஃபோர்மேன் விசாரிப்பார். டிரைவர் மேல் தப்பா, மெக்கானிக் மேல் தப்பா என்று முடிவானதும், தப்புக்காரர் தன் கையாலேயே அந்தப் பொருளை ஆணியில் தொங்கவிட்டு, கீழே சாக்பீஸால் தன் பெயரை எழுத வேண்டும். அபராதம் கிடையாது, திட்டு கிடையாது. அது அங்கே தொங்கும், அவ்வளவுதான். அடுத்த வண்டி எங்காவது நிற்கும்வரை தொங்கும். அடுத்த தப்புக்காரர்தான் பழையதைக் கழற்றிப் பெயரை அழித்துவிட்டுத் தன்னுடையதை மாட்டுவார். வந்தவன் போனவன் எல்லாம் பார்ப்பான். ரொட்டி வாங்க வரும் கடைக்காரர்கள் "இந்த வாரம் ஆருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. ஆணியில் பெயர் ஏறிய டிரைவரை மறுபடி மலைக்கு அனுப்பமாட்டார்கள். அந்த ஊசிமுனை வளைவுகளில் முதலாளிக்கு அத்தனை பயம்.

மலைக்கு ஒரே ஒரு வண்டிதான் போகும், வால்பாறைக்கு. அதை ஓட்டியவரை நாங்கள் மலைவண்டிக்காரர் என்றே கூப்பிட்டோம். அவர் பெயர் அந்தத் தூணில் ஒரு நாளும் ஏறியதில்லை. அதை அவர் யாரையும் மறக்கவிட்டதுமில்லை. சித்திரை வெயிலிலும் அரக்கு நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் ஷெட்டுக்குள் நடமாடுவார். குளிருகிற ஊருக்குப் போகிறவர் என்று எங்களுக்குத் தெரிய வேண்டுமாம். வண்டிக் கண்ணாடியில் தலை சீவுவார். நாற்பதைத் தொட்டும் கல்யாணமாகாதவர். மெக்கானிக்குகளைக் கண்டாலே அவருக்கு இளக்காரம், அதிலும் என்னைக் கண்டால் கூடுதல்.

"ஏனுங்க டாக்டரே, நேத்து எத்தனை உசுரை முடிச்சீங்க?"

"உங்க வண்டியொண்ணுதான் பாக்கிங்க."

"அதுல கை வெக்கறதுக்கு முன்னால கையக் கழுவிக்கோணும். மலையேறுற வண்டி. உங்க அந்தியூரு வண்டியாட்டம் ஊர்ந்துட்டுப் போறதில்லைங்க."

அந்த அந்தியூர் வண்டியால்தான் எனக்கு வினை வந்தது. ஆடி மாதம், குதிரைச் சந்தை கூடும் சமயம். திருவிழாக் கடைகளுக்கென்று வண்டி நிறைய பன். ரேடியேட்டர் குழாயை மாற்றி, அதை இறுக்கும் பட்டையைப் பாதி முறுக்கியிருந்தபோது வேறொரு வண்டிக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து மீதியை முறுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கோபி தாண்டி வண்டி தண்ணீரை எல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டு நின்றது. வெயிலில் வெந்த பன் சாயங்காலம் புளித்த வாசனையோடு திரும்பி வந்தது. மறுநாள் ஃபோர்மேன் கேட்டபோது நான் சுற்றி வளைக்கவில்லை. "நாந்தானுங்க" என்றேன். குழாயை மாட்டினேன், பெயரை எழுதினேன். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "எழுத்து அழகா இருக்குதுங்க டாக்டரே."

அந்தத் தண்டனையின் விஷம் தொங்குவதில் இல்லை, காத்திருப்பதில் இருந்தது. ஆணியிலிருந்து நான் இறங்க வேண்டுமானால் இன்னொருவன் ஏறியாக வேண்டும். வண்டிகளை ஓட வைக்கச் சம்பளம் வாங்குகிறவன், ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்று, திரும்பி வரும் வண்டிகளில் ஒன்றாவது குறையாதா என்று எண்ணினேன். பொள்ளாச்சி வண்டி வந்துவிட்டது. திருப்பூர் வண்டி வந்துவிட்டது. ஐயோ, எல்லாம் வந்துவிட்டதே. நான் பூட்டிய நட்டுகளே எனக்கு எதிரியாயின. நிற்பதானால் மலைவண்டி நிற்கட்டும், அந்தச் சிரிப்பு ஒரு நாளாவது அடங்கட்டும் என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பு வந்த மாலை, அவர் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, எஸ்டேட் கடையில் வாங்கிய தேயிலைப் பொட்டலம் ஒன்றை ஃபோர்மேனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அது நன்றாக நினைவிருக்கிறது.

அப்போதுதான் அன்னூர்ப் பக்கமிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தாய்மாமா பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது; மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்கே ஒருவர் வந்து, சும்மா அந்தப் பக்கம் வந்ததுபோல நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போவார். ஏற்கெனவே ஓரிடம் தட்டிப்போய், அம்மா என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்த நேரம். பட்டறைக்காரர் வந்தால் முதலில் தூணைத்தான் பார்ப்பார். இயந்திரத்தோடு பழகிய கண்ணுக்கு, பட்டை தளர்ந்த குழாயும் அதன் கீழே ஒரு மெக்கானிக்கின் பெயரும் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

முந்தின நாள் ஃபோர்மேனிடம் போய் நின்றேன்.

"ஒரே ஒரு நாளைக்குங்க. அவங்க வந்துட்டுப் போனதும் மறுபடியும் நானே மாட்டிப்போடறேன்."

அவர் கெட்டவரில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கண்ணு, உனக்குன்னு கழட்டுனா நாளைக்கு எல்லாருக்கும் கழட்டோணும். அப்புறம் அந்த ஆணி எதுக்கு?"

மலைவண்டியின் பக்கக் கண்ணாடியில் சீப்பு ஓடிக்கொண்டிருந்தது. "பொண்ணூட்டுக்காரங்களா வாராங்க?" என்றார் மலைவண்டிக்காரர், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நல்ல சட்டையாப் போட்டுட்டு வாங்க டாக்டரே. கிரீஸு படாத சட்டை ஒண்ணாவது இருக்குதுங்களா?" என்னையே கேலி செய்கிறார் என்று பல்லைக் கடித்தேன். அவரோ தனக்குள் பேசுவதுபோல, "நம்ம பேரு தொங்குனா ஆரு வந்து பாக்கப்போறாங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். அது என் காதில் விழுந்தது. பொருட்படுத்தவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டிய மலைவண்டி வரவில்லை. எல்லாரும் வாசலுக்கு வந்தோம். ரோட்டில் ஒரு தேங்காய் லாரி திரும்பியது. அதன் பின்னால், கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டு, மலைவண்டி. அவர் இறங்கினார். கையில் ஒரு ஃபேன் பெல்ட், இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது.

"ஆளியாறு வந்து எறங்குனதும் அறுந்துபோச்சுங்க" என்றார். "லோடு பூராவும் மேல எறக்கிப்போட்டேன். ஒரு பன்னு கெடலைங்க."

"பெல்ட்டு மெக்கானிக் பாத்ததுதானே?" என்று ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார்.

"அவரு மேல ஒண்ணுமில்லீங்க. நாலு நாளாவே கீச்சுகீச்சுன்னு சத்தம் குடுத்துட்டுத்தான் இருந்துச்சு. நாந்தான் வந்து சொல்லாம ஓட்டிப்போட்டேன். என்ற தப்புங்க."

மறுநாள் விசாரணைக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. நேரே தூணுக்குப் போய் என் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார். புறங்கையால் என் பெயரை அழித்தார். பெல்ட்டை மாட்டினார், தன் பெயரை எழுதினார். சாக்பீஸ் உடைந்தது, உடைந்த துண்டை எடுத்து எழுதி முடித்தார். ஃபோர்மேன் அந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெல்ட்டை நான் அதற்கு முந்தின வாரம்தான் புதிதாக மாட்டியிருந்தேன். அது நாலு நாளாகச் சத்தம் கொடுத்திருக்க முடியாது. ஷெட் காலியானதும் போய் முடிச்சைத் தொட்டேன். தேய்ந்து அறுந்த பெல்ட்டின் முனையில் நூல் பிரிந்து தாடிபோலத் தொங்கும். இதன் முனைகளில் பிசிறே இல்லை. கத்தி நேராக இறங்கியிருந்தது. உள்பக்கத்தில் கடையின் வெள்ளை எழுத்துகூட இன்னும் தேயவில்லை. நான் செய்ததெல்லாம் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வந்ததுதான்.

தாய்மாமா சாயங்காலம் வந்தார். எதிர்பார்த்தபடி தூணருகே நின்றார். "ஆருங்க இது?" என்றார். "நம்முளுதுதானுங்க" என்று மலைவண்டிக்காரரே முன்னால் வந்தார். "டாக்டரு வந்து பாக்கறேன்னுதான் சொன்னாருங்க. நாந்தான் வண்டியைக் காட்டல." தாய்மாமா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மாதிரி ஆளுககிட்ட வண்டியக் குடுத்தா நீங்கென்ன பண்ணுவீங்க பாவம்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது பணிவு என்று அவர் எடுத்துக்கொண்டார். சம்பந்தம் முடிவாயிற்று.

மலை இன்னொருவர் கைக்குப் போனது. இவரை உக்கடம், காந்திபுரம் என்று டவுன் கடைகளைச் சுற்றும் சின்ன வண்டியில் போட்டார்கள். ஆனாலும் மலைவண்டிக்காரர் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. சிலர் வேண்டுமென்றே சத்தமாக அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் திருப்பி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். ஸ்வெட்டரை மட்டும் அதன்பிறகு ஷெட்டில் நான் பார்க்கவில்லை. அவர் பெல்ட் வெகுநாள் தொங்கியது. மாலையில் நான் வாசலில் நிற்பதை விட்டுவிட்டேன். அவர் ஒரு நாளும் வாசலில் நின்று வண்டிகளைப் பார்த்ததில்லை. இன்னொருவன் நிற்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

என் கல்யாணத்துக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மண்டபத்தில் விசிறிகள் சுற்றியும் எல்லாரும் வேர்த்துக்கொண்டிருந்த நாள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மேடைக்கு வந்தார். தாய்மாமா அடையாளம் கண்டுகொண்டார். "அடடே, வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்தவரு நீங்கதானுங்களே! இங்கயாவது பஸ்ஸுல வந்தீங்களா, கயித்துல வந்தீங்களா?" சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. "தேங்கா லாரி கெடைக்கலைங்க, நடந்தே வந்துட்டேன்" என்றார் அவர். இன்னும் பலத்த சிரிப்பு. மாலையும் கழுத்துமாக நானும் சிரித்தேன். அவரைப் பார்த்தபடியே சிரித்தேன். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அழகான படம் என்பார்கள். அந்தப் பக்கம் வந்ததும் எனக்குக் கை வேகமாகப் புரட்டும்.

இன்று சிக்னலில் அந்தப் பால்வண்டி அன்னூர்ப் பக்கம் போய் மறைந்த பிறகும் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் எந்த மேட்டில் நிற்பானோ, யாரிடம் போய் என் தப்புங்க என்று சொல்வானோ.

கல்யாணத்துக்குப் பிறகு, மாமாவின் பட்டறை வேலைக்காக நான் ஷெட்டை விட்ட காலையில், ஆணியில் வேறு யாருடைய பெயரோ ஏறியிருந்தது. கழற்றிப் போட்ட பெல்ட்டை நான் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். அவருடைய டவுன் வண்டி லோடு முடிந்து உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் அருகே போய் அதை நீட்டினேன். முடிச்சை அவிழ்த்திருந்தேன்.

"ஏனுங்க, போற நாள்ல ஞாபகத்துக்கு இதையா குடுக்கறீங்க? ஒரு பன்னாவது குடுக்கலாமில்லீங்களா?"

"இது அறுந்ததில்லைங்கண்ணா" என்றேன்.

அவர் அந்த நேர்த்தியான முனையைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார். பெல்ட்டை என் கையிலேயே திருப்பி வைத்து, கியரைப் போட்டார்.

"சத்தம் குடுத்துச்சுங்க டாக்டரே. காதுல கேட்டவன் வந்து சொல்லியிருக்கோணும். நான் சொல்லலை. செரி, வாரேனுங்க."