சூளையில் வெந்த நம்பர்கள்

செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். மார்ச் மாதம் வந்துவிட்டால் அதன் சுவர் முழுக்க நம்பராக இருக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து ஹால் டிக்கெட் நம்பரை எழுதி வைப்பார்கள். அவசரத்தில் வந்தவர்களுக்குக் கரித்துண்டு. பேர் எழுத மாட்டார்கள். யாருடைய நம்பர் என்று பிள்ளையாருக்குத் தெரிந்தால் போதாதா?

காசியம்மாள் தினமும் வேலைக்குப் போகும் முன்னால் அந்தக் கோயில் வாசலைப் பெருக்கிக் கோலம் போடுவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை, அவராக எடுத்துக்கொண்டது. பொம்மை கம்பெனியில் அவருக்குக் கண் எழுதுகிற வேலை. வெள்ளைப் பொம்மைக்கு மெல்லிய பிரஷ்ஷால் கண்ணும் புருவமும் வைப்பார். சூளைக்குள் போய் வந்துவிட்டால் அது எந்தக் காலத்திலும் அழியாது.

2006இல் அவர் மகள் பூங்கோதை பிளஸ் டூ எழுதினாள். அவள் நம்பரும் சுவரில் இருந்தது. ரிசல்ட்டு வருவதற்குள், சித்திரைத் திருவிழாவுக்குக் கோயிலை வெள்ளையடிக்க முடிவானது. வெள்ளையடிக்கிற மாயவன் பக்கெட்டும் பிரஷ்ஷுமாக வந்து நின்றான். நம்பர் அழிந்தால் பிள்ளையாருக்குப் பிள்ளைகள் ஞாபகம் போய்விடுமோ என்று காசியம்மாளுக்குப் பயம்.

மாயவனிடம் கெஞ்சி ஒரு நாள் அவகாசம் வாங்கினார். மகள் நம்பரை மட்டும் எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. தெரிகிற நம்பரையெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டார். முதலாளியிடம் ஒரு பெரிய வெள்ளை டைல்ஸ் கேட்டு வாங்கி, அத்தனையையும் சிவப்பில் வரிசையாக எழுதிச் சூளைக்கு அனுப்பினார். பாஸானால் பொங்கல் எனக்கும் வரவேண்டும் என்று முதலாளி சிரித்தார். வெள்ளையடித்த சுவரில் மாயவனே சிமென்ட் வைத்துப் பதித்துக் கொடுத்தான்.

ரிசல்ட்டு வந்தது. பூங்கோதை கணக்கில் பெயில்.

அதற்கப்புறம் அவள் கோயில் வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். கடைக்குக்கூடத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் திரும்ப எழுதலாம் என்று ஸ்கூலில் சொல்லியனுப்பியதைக் காதில் வாங்கவில்லை. காசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"செவுத்துல எழுதுனது வெள்ளையடிச்சப்பவே போயிருக்கும். நீ சூளையில வெச்சி எடுத்துட்ட. நான் பெயிலானது, நான் செத்தாக்கூட அங்கியே இருக்கும்மா."

அன்றைக்குக் காசியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் மாயவனைக் கூட்டிக்கொண்டு போய் டைல்ஸைப் பெயர்க்கச் சொன்னார். அவன் உளியை வைத்துக்கொண்டு தயங்கினான்.

"சாமிக்கு வெச்சதாச்சேக்கா. பாஸான புள்ளைங்க நம்பரும் சேந்துல்ல போவும்?"

"பாஸானதுங்களுக்கு இனிமே அது எதுக்குப்பா? பெயிலானதுங்க இன்னும் யார் யாரோ. அதுங்களும் இந்த வழியாத்தான போவணும்."

அவன் உளியை வைத்துத் தட்டினான். டைல்ஸ் இரண்டு துண்டாக வந்தது.

பின்னமான சாமி படத்தைக் குப்பையில் போட மாட்டார்கள், ஆற்றில் விடுவார்கள். இதுவும் சாமி முன்னால் இருந்ததுதானே என்று காசியம்மாள் துண்டுகளைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு மணிமுத்தாற்றுக்கு நடந்தார். கூப்பிடாமலே பூங்கோதையும் பின்னால் வந்தாள்.

வெயில் காலம். ஆற்றில் மணல்தான் இருந்தது. காசியம்மாள் குந்தி உட்கார்ந்து கையால் தோண்டினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்த பூங்கோதையும் எதிரே உட்கார்ந்து மணலை அள்ளிப்போட்டாள். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டியது. அப்புறம் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. துண்டுகளை அதில் வைத்து, அத்தனை பிள்ளைகளும் நல்லாயிருக்க வேண்டும் என்று காசியம்மாள் கும்பிட்டார். பூங்கோதை மணலைத் தள்ளி மூடினாள்.

கரையேறும்போது அவள் சொன்னாள்: "கணக்கு மட்டுந்தான எழுதணும். கனகா வூட்டுல கைடு இருக்குது. போயி வாங்கியாரட்டா?"

போயிட்டு வா என்றார் காசியம்மாள். எந்த வழியாகப் போகிறாள் என்று நின்று பார்த்தார். பூங்கோதை கோயில் தெருவில் திரும்பினாள்.