சேறு சலிக்கும் நல்லதம்பி

மலர்கொடி மாவுச் சல்லடையைக் காணாமல் அடுப்படியில் தேடிக்கொண்டிருக்க, அவர் கணவர் நல்லதம்பி வெள்ளாற்றங்கரையில் குந்தியிருக்கிறார். சல்லடையில் சேறு. அலசி அலசி, மிஞ்சியதைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கிறார். அவரைப் பார்க்கப் போயிருந்த என் மூக்குக்கும் நீட்டினார். மரியாதைக்காக முகர்ந்து பார்த்தேன். மதியச் சோறு இறங்கவில்லை.

வாரம் முழுக்க அவர் சம்பளத்துக்குச் செய்கிற வேலையும் இதுதான். இதே வெள்ளாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. படகில் போய் அடிச்சேற்றை அள்ளிவந்து சலித்து, புழு, நண்டு, மட்டியைத் தனித்தனியாகப் பிரித்துவைப்பார். சனிக்கிழமை மூன்று பஸ் மாறி, லெப்பைக்குடிகாட்டுக்குப் பக்கத்திலுள்ள தன் ஊருக்கு வந்துவிடுவார். புழு கண்ணுக்குத் தெரிவதற்காகக் கலக்கும் ரோஸ் சாயம் பத்து விரலிலும் ஒட்டியிருக்கும். "மருதாணி வச்ச மாப்ள வந்துட்டாரு" என்பார் மலர்கொடி.

புழுக்களைப் பற்றி அவர் பங்காளிகளைப் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்.

"முன்னல்லாம் ஒரு கை சேத்துல இருவது தினுசு இருக்கும் சார். இப்பப் பாத்தா செவப்புப் புழு ஒண்ணுதான். அத்தன பேரும் செத்த வூட்ல இவன் மட்டும் புள்ளகுட்டியோட பெருகிக் கெடக்கான்."

"எதனால?"

"எல்லாம் நாம போடுற யூரியாதான் சார். மழையில கரைஞ்சு ஆத்தோட போயி அங்க பாசியா மண்டுது. பாசி செத்து அடியில அழுவுது. அப்பறம் சேத்துல மூச்சு வுடக் காத்து ஏது?"

'நாம' என்று அவர் சும்மா சொல்லவில்லை. ஆற்றை ஒட்டி அவருக்கே ஒன்றரை ஏக்கர் நெல் இருக்கிறது. போன போகம் யாரிடமும் சொல்லாமல் யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பயிர் வெளுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஊரே சிரிச்சுது சார்" என்றார் மலர்கொடி. "இந்தத் தடவையும் வெளுத்துச்சுன்னா வயல எங்கண்ணன்கிட்ட வுட்ருவேன்."

அண்ணன் ராசாங்கம் யூரியா போட ஆரம்பித்தால் மூட்டை காலியாகும்வரை கை நிற்காது. வயலும் போய், சேறும் போய்விடும் என்ற கவலையில் நல்லதம்பி இளைத்தே போனார்.

நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை மேலுரம் போடும் நாள். மலர்கொடி யூரியா மூட்டையோடு வரப்பில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். நல்லதம்பி அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். நடுவயலில் ஒழுங்காகவே வீசினார். வெள்ளைக் குருணை வெயிலில் பறந்து விழுந்தது. ஆற்றோரம் நெருங்கியதும் நடை தளர்ந்தது.

"அந்த ஓரத்துல நல்லா வீசுங்க!" என்று வரப்பிலிருந்து சத்தம் வந்தது.

"வீசுறேன், வீசுறேன்!"

கையைக் கூடைக்குள் விட்டார். எடுத்துத் தோளுக்கு மேல் ஓங்கி, முன்னைவிடப் பலமாக ஒரு வீச்சு வீசினார். ரோஸ் விரல்கள் ஐந்தும் விரிந்தன. கையில் ஒன்றுமில்லை.