இடப்பக்க வால்வு

தென்மராட்சியில் என்ரை ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத கோயில் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, யாரையும் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இரண்டு குழாயும், கண்ணாடி வால்வு சூடாகிப் பாடுகிற ஒரு அம்பிளிபயருமாகச் சைக்கிளில் தொடங்கிய தொழிலை, இன்று பிள்ளைகள் லொறியில் ஏற்றிப் போகிற அளவுக்கு வளர்த்தது இந்தக் காதுகள்தான். இப்போதும் திருவிழாவில் பாட்டுப் போட முன்னம் நான் கேட்டு 'சரி' சொல்ல வேண்டும்.

வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. நான் ரிவி பார்க்கையில் சத்தம் கூடிப்போச்சு என்று மனுசி நெடுகப் பேச்சு. கடைசியில், "ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேளுங்கோ," என்றாள். மாட்டுவதென்றால் வால்வு அம்பிளிபயரில்தான் மாட்டுவேன், அதுவும் மலிவானதில் நல்லதாகப் பார்த்து, என்று அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, எங்கடை பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு அம்பிளிபயர்ப் பெட்டியை எடுத்து வைத்து, என் தலையில் ஹெட்ஃபோனையும் மாட்டிவிட்டார். முதலாவதில் சுவிச்சைப் போட்ட உடனே வால்வு செக்கச்செவேலென்று எரிந்தது. பாட்டும் உடனே வந்தது.

"தம்பி, இது கலியாண வீட்டு லைற். வால்வு சூடாகாமல் பாடுமோ? கீழை பல்ப் வைச்சிருக்கிறாங்கள்."

"ஐயாவை ஏமாத்தேலாது," என்று சிரித்தார். மனுசி கேட்டாளா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மற்றப் பெட்டி ஆறுதலாகச் சூடாகிப் பாடியது. ஆனால் பாட்டு வலப்பக்கமே சாய்ந்து நின்றது. பாட்டை நிற்பாட்டி, வலப்பக்க வால்வை நகத்தால் தட்டினேன். வலக்காதில் 'டிங்'. இடப்பக்கத்தைத் தட்டினேன். இடக்காதில், எங்கோ கிணற்றுக்குள் ஏதோ விழுந்த மாதிரி.

"இந்த வால்வு செத்துப்போச்சு."

"புதுசு ஐயா. ஹெட்ஃபோனை இடம் வலம் மாத்திப் போட்டுப் பாருங்கோ."

அது நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வித்தை. ஒரு குழாய் பாடாவிட்டால் இரண்டின் வயரையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். மற்றக் குழாய் ஊமையானால் பிழை பெட்டியில். அதே குழாய் ஊமையாகவே நின்றால் பிழை குழாயில். அன்று எனக்குக் கை எழும்பவில்லை. போனை எப்போதும் வலக்காதிலேயே வைக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய திருவிழாக் கதை இரண்டைச் சொல்லி நேரத்தைக் கடத்தினேன்.

"மாத்திப் பாருங்கோவன். பஸ் போகப்போகுது," என்றாள் மனுசி.

மாற்றிப் போட்டேன். இடப்பக்க வால்வைத் தட்டினேன். வலக்காதில் 'டிங்'. மற்றதைத் தட்டினேன். இடக்காதில் அதே கிணறு.

"எப்பிடி ஐயா?"

"வால்வு ரெண்டும் நல்லது. கட்டுங்கோ."

வெளியே என் இடப்பக்கம் நடந்தபடி மனுசி ஏதோ கதைத்தாள்.

"இஞ்சாரும், இந்தப் பக்கம் வாரும். சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்குக் காது டொக்டர் எண்டைக்கு வாறவர்?" என்று கேட்டேன்.

அவள் நின்றுவிட்டாள். பிறகு வலப்பக்கம் வந்து, பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை கொடியேத்தம். பிள்ளையள் கூப்பிடுவாங்களே, என்ன சொல்லப்போறியள்?"

"டொக்டர் சொல்லட்டும். அதுக்கு முன்னம் நான் ஒண்டுக்கும் 'சரி' சொல்லமாட்டன்."