ஒட்டியிருந்த இரண்டு தாள்கள்

எனக்குப் பொறாமை உண்டு. நகையிலோ புடவையிலோ இல்லை. அதையெல்லாம் யார் போட்டுக்கொண்டு ஆடினாலும் எனக்கென்ன? ஒரே ஒரு விஷயத்தில்தான். என்னைவிட நன்றாகப் படிக்கிற ஒருத்தியை என்னால் தாங்க முடியாது. கல்கத்தாவில் இருந்த ஒன்பது வருடங்களில் அப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் மாற்றலாகி அங்கே போனோம். டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு, எனக்கு மத்திய அரசு ஆபீஸில் வேலை. காலையில் லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சியால்தா வருவதற்குள் பதினைந்து பக்கம் முடித்துவிடுவேன். இடித்தால் இடிக்கட்டும், யார் காலை மிதித்தாலும் மிதிக்கட்டும். "பௌதி, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று காய்கறிக் கூடையோடு வருகிற ஒருத்தி, அண்ணி முறை வைத்து, தினமும் வங்காளியில் கேலி செய்வாள்.

அங்கே தமிழ்ப் புத்தகம் கிடைப்பது சுலபமில்லை. அதனால் ஏழு வீடுகள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். யார் சென்னை போனாலும் புதிதாக வந்ததில் நாலைந்து புத்தகங்கள் வாங்கி வர வேண்டும். ஒரு புத்தகம் ஒரு வீட்டில் பத்து நாள் இருக்கும். படித்து முடித்தவர் கடைசியில் உள்ள வெற்றுத் தாளில் பென்சிலால் தன் கருத்தை எழுதி, அடுத்த வீட்டுக்கு அனுப்புவார். ஏழாவது ஆள் அதை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவார். போண்டாவும் காபியுமாக உட்கார்ந்து, எழுதியதையெல்லாம் உரக்கப் படித்துச் சண்டை போடுவோம். யாருக்குப் பின் யார் என்ற பட்டியலை நான்தான் போடுவேன். முதல் பெயர் என்னுடையது. வேலை மெனக்கெட்டுப் பட்டியல் போடுகிறவளுக்கு அதுகூட இல்லையா?

நான் எழுதினால் ஒரு பக்கம் முழுக்க எழுதுவேன். எனக்குப் பின்னால் படித்தவர்கள் பெரும்பாலும் நான் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லி வைப்பார்கள். இரண்டு வருடம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒரு வீட்டார் மாற்றலாகிப் போக, அந்த இடத்தில் கிடர்பூர்க்காரி வந்து சேர்ந்தாள்.

அவள் கல்கத்தாவிலேயே பிறந்தவள். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். புருஷனுக்குக் கிடர்பூர்த் துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். வீட்டில் தமிழ் பேசினார்களே தவிர, அவள் எழுதப் படிக்கக் கற்றது கல்யாணத்துக்கு அப்புறம், அவர் வாங்குகிற வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு. வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டுதான் படிப்பாள். ஐயோ பாவம் என்று நினைத்தேன். பட்டியலில் மூன்றாவதாகச் சேர்த்தேன்.

ஒரு சிறுகதைத் தொகுப்பு. நான் நடை, உத்தி, காலம் என்று ஒரு பக்கம் பிளந்து கட்டியிருந்தேன். அவள் எழுதியது இரண்டே வரி: "எல்லாக் கதையிலயும் எல்லாரும் சாப்பிடறாங்க. ஒரு கதையிலகூட யாரும் பாத்திரம் கழுவல."

அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் படித்த நாலு பேரும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் அதைப் படித்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிறகு ஒரு மணி நேரம் அதையே பேசினார்கள். என் ஒரு பக்கத்தைச் சீண்ட ஆளில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நானும் அதே பன்னிரண்டு கதைகளைத்தானே படித்தேன்? எனக்கு ஏன் அது கண்ணில் படவில்லை? அடுத்த புத்தகத்திலும் இதே கதை, அதற்கடுத்ததிலும்.

பொறுக்க முடியாமல் பட்டியலை மாற்றினேன். அவளை ஏழாவதாகப் போட்டேன். "நீ நிதானமா படிக்கறவ. கடைசியில வெச்சா உன்னை யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க" என்றேன். "தீதி, எவ்வளவு யோசிச்சுப் பண்றீங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா என்று கூப்பிட அவளுக்கு வங்காளத் தீதிதான் வரும். எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை.

ஆனால் மடத்தனம் செய்துவிட்டேன். ஏழாவது ஆள் எழுதுவதுதானே கூட்டத்தில் கடைசியாகப் படிக்கப்படும்? கடைசி வார்த்தையை நானே அவளிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சமயம் சுற்றில் இருந்தது ஒரு நாவல். பதினோரு வருடம் முன்பு வீட்டை விட்டு ஓடிப்போன மகன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அம்மா கதவைத் திறக்கிறாள். அந்தப் பக்கம் அங்கே முடிகிறது. அடுத்த பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அசந்துபோனேன். "அவர்கள் என்ன பேசினார்கள் என்று சொல்லாமல் விட்ட அந்த மௌனம் ஒன்றே போதும், இந்த எழுத்தாளர் எப்பேர்ப்பட்டவர் என்பதற்கு" என்று எழுதினேன். எனக்குப் பின்னால் ஐந்து பேரும் மௌனத்தைப் புகழ்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆறாவது வீட்டிலிருந்து புத்தகம் கிடர்பூர் போயிற்று. கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் என்ன எழுதப் போகிறாளோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துப் போய்விட்டேன். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று சொன்னேன். அவள் சந்தோஷமாக டீ போட உள்ளே போனாள். புத்தகம் டிவி மேல் இருந்தது. எடுத்துக் கடைசித் தாளைத் திருப்பினேன். ஆறு பேர் எழுதியதற்கும் கீழே அவள் கையெழுத்து.

"நடுவுல ரெண்டு தாள் ஓரத்துல ஒட்டியிருந்துச்சு. ஸ்கேல் வெச்சுப் பிரிச்சேன். உள்ள ரெண்டு பக்கம் இருக்கு. அம்மா பேசறாங்க."

பைண்டிங்கில் வெட்டாமல் விட்ட தாள். பக்க எண்ணைக்கூடப் பார்க்காமல் ஆறு பேர், ஆறு மேதாவிகள், அதை மௌனம் என்று கொண்டாடியிருக்கிறோம். முதலில் கொண்டாடியவள் நான்.

"இது என்கிட்ட இருக்கட்டும், இன்னொரு தடவை படிக்கணும்போல இருக்கு. கூட்டத்துக்கு நானே கொண்டு வரேன்" என்றேன். "எடுத்துட்டுப் போங்க தீதி" என்றாள், டீயை நீட்டிக்கொண்டு.

பஸ்ஸிலேயே அந்த இரண்டு பக்கத்தைப் படித்தேன். ஏன் போனாய் என்று அம்மா கேட்கவே இல்லை. கூரை ஒழுகுகிறது, ரேஷன் கார்டில் உன் பேரை இன்னும் எடுக்கவில்லை, முருங்கை மரம் விழுந்துவிட்டது என்று மூச்சு விடாமல் திட்டித் தீர்க்கிறாள். நாவலின் உயிரே அதுதான். என் கண் நிறைந்துவிட்டது. அதை முதலில் படித்தது அவள் என்ற நினைப்பு அதற்கும் மேலே எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்து அவள் எழுதியதை அழித்தேன். ஆமாம், அழித்தேன். பென்சில்தானே, சுத்தமாகப் போய்விட்டது. தாள்தான் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்தது.

கூட்டத்தில் எழுந்து நின்று, "நாம எல்லாரும் முட்டாளாயிட்டோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். ரெண்டாம் தடவை படிக்கும்போதுதான் நான் கண்டுபிடிச்சேன்" என்று ஆரம்பித்து, அந்த இரண்டு பக்கத்தையும் உரக்கப் படித்தேன். அடேயப்பா, என்ன கைதட்டல்! புத்தகம் கை மாறி அவளிடம் போயிற்று. கடைசித் தாளைத் திருப்பினாள். வெறுமையாக இருந்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"உனக்கு அப்புறம்தானே இவங்க கைக்கு வந்துது? நீ கவனிக்கலியா?" என்று ஒருவர் அவளைக் கேட்டார்.

"இல்லியே" என்றாள். "நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறவ. இதெல்லாம் தீதி கண்ணுக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஊன்றிப் படிக்கிறவள் என்றால் நான்தான். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. "படித்தேன்" என்ற ஒரே வார்த்தை. அவளைப் பட்டியலில் இரண்டாவதாகப் போட்டுப் பார்த்தேன், முதலாவதாகவே போட்டேன். அப்போதும் "படித்தேன்". ஒவ்வொரு புத்தகத்தை மூடும்போதும், அவளுக்கு இதில் என்ன பட்டிருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அது தெரியாமல் படித்ததே பாதி படித்த மாதிரி இருந்தது.

எனக்குச் சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்த மாதம் கூட்டம் அவள் வீட்டில் நடந்தது. அடுப்படியில் போய் நின்றுகொண்டு கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, நீ ஏன் இப்பல்லாம் ஒண்ணுமே எழுதறதில்லே?"

அவள் எண்ணெயிலிருந்து போண்டாவை அரித்துப் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

"எழுதினா இருக்குமா, தீதி?" என்றாள். பிறகு தட்டை என் கையில் கொடுத்து, சூடு ஆறுவதற்குள் எல்லோருக்கும் கொடுத்துவிடச் சொன்னாள்.